ஒரு பானையும் பல தூக்குவாளிகளும்

நண்பர்கள் நாலு பேர் கூடிச் சாப்பிடலாம் என்று முடிவானதும் முதலில் எழுகிற கேள்வி, "யார் என்ன கொண்டுவர்றீங்க?" என்பதுதான். "நான் லெமன் சாதம் பண்ணிட்டு வந்துடறேன்" என்று ஒருவர் சொன்னால் அந்தக் கூடல் ஒரு வழியில் போகும். "எங்க வீட்டுல அரிசி இருக்கு, தோட்டத்துக் கத்தரிக்காயும் பறிச்சிட்டு வர்றேன்" என்றால் வேறு வழியில் போகும். முதலாவது கட்டுச்சோறு, இரண்டாவது கூட்டாஞ்சோறு. கூடி உண்பதற்குத் தமிழர்கள் வைத்திருக்கும் இந்த இரண்டு ஏற்பாடுகளையும் நாம் ஒன்றாகவே எண்ணிக் கடந்துவிடுகிறோம். இரண்டிலும் சோறு பகிரப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் யாருடைய உழைப்பு யார் கண்ணில் படுகிறது, ருசி யாருடையது, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால் இரண்டும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. என் மனம் கூட்டாஞ்சோற்றின் பக்கம் சாய்கிறது. கட்டுச்சோற்றின் மரியாதை குறையாமல் அதற்கான காரணங்களைச் சொல்லப் பார்க்கிறேன்.

கூட்டாஞ்சோற்றைப் பிள்ளைகளின் விளையாட்டாகத்தான் பலரும் அறிந்திருக்கிறோம். கோடை விடுமுறையில், தோப்பிலோ களத்துமேட்டிலோ மூன்று கல் கூட்டினால் அடுப்பு. ஒரு பிள்ளை அரிசி கொண்டுவரும், இன்னொன்று பருப்பு, வேறொன்று புளி, ஒன்று உப்பும் மிளகாய் வற்றலும். வீட்டிலிருந்து எதையும் எடுத்துவர முடியாத பிள்ளை சுள்ளி பொறுக்கும், தண்ணீர் தூக்கி வரும். யார் வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறதோ அங்கிருந்து கீரை. உண்பதற்குப் பூவரச இலை, கிடைத்தால் வாழை இலை. சோறு பாதி குழைந்து பாதி அடிப்பிடித்திருக்கும். அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் குறை சொல்ல வேறு ஆள் அங்கே இல்லை. சமைத்தவர்களும் சாப்பிட்டவர்களும் ஒரே கூட்டம்.

திருநெல்வேலிச் சீமையில் இது விளையாட்டோடு நிற்கவில்லை. அதே பெயரில் வீட்டுச் சமையலாகவும் நிலைபெற்றது. துவரம்பருப்பைப் பாதி வேகவிட்டு, அதில் அரிசியைச் சேர்த்து, வாழைக்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய், கொத்தவரங்காய் என்று கையில் இருக்கும் நாட்டுக்காய்களை வேகும் வரிசைப்படி போடுவார்கள். இறுக்கமான காய் முந்தி, இளசு பிந்தி. தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் சேர்த்து அரைத்த விழுதும் புளிக்கரைசலும் அதற்குப் பிறகுதான். புளியை அவசரப்பட்டு முதலிலேயே ஊற்றிவிட்டால் பருப்பும் காயும் விறைத்துக்கொண்டு வேக மறுக்கும், புளிப்புக்கு அந்தக் குணம் உண்டு. கடைசியில் ஒரு பிடி முருங்கைக்கீரை, மேலே வடகம் தாளித்துக் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுக் கிளறி மூடிவிட வேண்டும். தொட்டுக்கொள்ள அப்பளமோ கூழ்வற்றலோ போதும்.

இந்தச் சமையலின் அமைப்பே பலர் கை சேர்வதற்கு ஏற்றதாக இருக்கிறது. சாம்பாரில் ஒரு காய் கூடினால் பெயர் மாறும், பிரியாணியில் தண்ணீர் ஒரு டம்ளர் பிசகினால் கதை முடிந்தது. கூட்டாஞ்சோறு அப்படி நோகாது. இன்னொரு ஆள் இன்னொரு காயோடு வந்தாலும் பானை அதை ஏற்றுக்கொள்ளும். மாங்காய்க் காலத்தில் மாங்காய் விழும், அப்போது புளி குறையும். எத்தனை பேர் வருவார்கள் என்று கடைசி வரை தெரியாத ஒரு கூடலுக்கு இதைவிடப் பொருத்தமான உணவு எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்து ஒடியற்கூழும் இதே குடும்பம்தான். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசப்பை வடித்து எடுப்பார்கள். பெரிய பானையில் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, கொஞ்சம் அரிசி எல்லாம் கொதிக்க, செத்தல் மிளகாயும் புளியும் சேர்ந்து, இறுதியில் மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். சுற்றி உட்கார்ந்து பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் ஊற்றிக் குடிப்பது வழக்கம். ஒரு வீட்டுக்கு அளவாகக் கூழ் காய்ச்சுவது அரிது. காய்ச்சினால் அயலவருக்கும் கூட்டாளிகளுக்கும் சொல்லி அனுப்பத்தான் வேண்டும். நண்டை உடைக்க ஒருவர், மீனைத் துப்புரவாக்க ஒருவர், கிழங்கு சீவ ஒருவர் என்று அந்த முற்றத்தில் எல்லோருக்கும் வேலை இருக்கும்.

கட்டுச்சோறு இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அதன் பிறப்பு பயணத்தில். பெரியபுராணத்தில் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து களைத்துப்போன அப்பருக்கு இறைவன் வழியில் காத்திருந்து கொடுத்தது பொதிசோறுதான். பயணத்துக்கு வந்த சோறு விழாவுக்கும் வந்தது. கல்யாணம் முடிந்து ஊர் திரும்பும் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கட்டுச்சாதக்கூடை, கொங்கு நாட்டில் கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தாய்வீட்டார் கொண்டுவரும் கட்டுச்சோறு என்று அதன் கிளைகள் பல. அது முழு அழகோடு விளங்குவது ஆடிப் பதினெட்டில், காவிரிக் கரையில். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு ஆற்றின் பெருக்கு அணைத் திறப்போடு பிணைந்துவிட்டது. ஆனாலும் ஒகேனக்கல்லிலிருந்து பவானி கூடுதுறை, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், திருவையாறு, பூம்புகார் வரைக்கும் படித்துறைகளில் அன்று குடும்பங்களும் தோழிகளும் தூக்குவாளியோடு வந்து இறங்குவது நிற்கவில்லை.

அந்தத் தூக்குவாளிகளில் இருப்பதெல்லாம் கணக்குப் பார்த்துச் செய்த சமையல். புளியோதரைக்குப் புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சுண்ட வைக்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு வற்றுகிறதோ அவ்வளவு நாள் தாங்கும். சாதத்தை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, எண்ணெய் விட்டு ஆறவைத்த பிறகே கலக்க வேண்டும், சூட்டோடு கிளறினால் சோறு உடைந்து களியாகும். வெந்தயமும் மல்லியும் வறுத்துப் பொடித்தது தனி. கலந்த உடனே சாப்பிட்டால் புளி மட்டும்தான் நாக்கில் நிற்கும். மூன்று நான்கு மணி நேரம் கழித்து, ஆற்றங்கரையில் வாளியைத் திறக்கும்போதுதான் புளியும் உப்பும் எண்ணெயும் சோற்றுக்குள் இறங்கியிருக்கும். எலுமிச்சை சாதத்தில் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பின்தான் பிழிய வேண்டும், கொதித்தால் கசக்கும். தயிர்சாதத்தில் இன்னும் நுட்பம். காலையில் தயிராகவே பிசைந்தால் மதியத்துக்குள் புளித்துவிடும் என்பதால், பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிரை மட்டும் விட்டுப் பிசைவார்கள். வழியிலேயே உறைந்து, இலையில் விழும் நேரத்தில் சரியான பதத்துக்கு வந்திருக்கும். சமைக்கிறவளுக்கு உணவைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதாது, ஊர் தூரமும் வெயிலும் தெரிந்திருக்க வேண்டும். இந்த அறிவு கூட்டாஞ்சோற்றில் கிடையாது. கட்டுச்சோறு தமிழ்ச் சமையலின் உச்சங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்த அறிவு இயங்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு, வீட்டில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கையில், ஒரு பெண் தனியாக நிற்கிறாள். ஐந்து வகைச் சாதம், இரண்டு துவையல், உருளைக்கிழங்கு வறுவல், பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல். வாழை இலையைத் தணலில் வாட்டிக் கட்டி, அடுக்கி, மூடி, பிறகு குளித்து, புடவை மாற்றிக்கொண்டு எல்லோருடனும் புறப்படுகிறாள். கரையில் கூடியிருப்பவர்கள் பார்ப்பது முடிந்த சமையலை. உழைப்பு வீட்டிலேயே தங்கிவிட்டது. பாராட்டு உண்டு, "உன் கைப்பக்குவம் வேற யாருக்கும் வராது" என்பார்கள். அந்தப் பாராட்டு அடுத்த ஆடிக்கும் அவளையே நாலு மணிக்கு எழுப்பும்.

கூட்டாஞ்சோற்றில் உழைப்புதான் கூடலே. வெங்காயம் உரிக்கும்போதும் பானை கொதிக்கக் காத்திருக்கும்போதும்தான் பேச்சு நடக்கிறது. முகம் பார்த்துச் சொல்லத் தயங்கும் விஷயத்தைக் கை வேலையில் இருக்கும்போது சொல்லிவிட முடியும். நண்பர்களுக்குள் பல கஷ்டங்கள் இப்படித்தான் வெளியே வந்திருக்கின்றன. பையன்களும் அங்கே சும்மா உட்கார முடியாது. விறகு ஈரமாக இருந்தால் ஊத வேண்டும், புகையில் கண் கலங்க வேண்டும், அடிப்பிடித்த பானையைச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும். வீட்டுச் சமையலறையில் ஒரு கரண்டியைக்கூடத் தொடாத பையன், தோப்பில் சோறு கிளறியிருக்கிறான்.

அடுத்து, ருசி யாருடையது என்ற விஷயம். கட்டுச்சோறு ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு உண்டு. "இது யார் வீட்டுப் புளியோதரை?" என்ற கேள்வி வந்தே தீரும். பெருமாள் கோயில் பாணியில் மிளகு தூக்கலாக ஒருவர் செய்திருப்பார், எள் வறுத்துப் பொடித்து இன்னொருவர், வெல்லம் ஒரு துளி சேர்த்து மற்றொருவர். செய்முறைகள் வீடு விட்டு வீடு போனது இந்தக் கரைகளில்தான். தாய் இறந்துபோன பிறகும் தாயின் பொடிக்கணக்கு ஒரு தோழியின் வீட்டில் உயிரோடு இருப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். கூட்டாஞ்சோறு இதைச் செய்யாது. எவ்வளவு கைதேர்ந்தவர் இருந்தாலும் அவர் கை அந்தப் பானையில் கரைந்துபோகும். இந்த இழப்பு சிறியதல்ல.

ஆனால் வீட்டின் பெயரோடு வரும் உணவு வீட்டின் நிலைமையையும் சொல்லிவிடும். ஒரு வாளியில் முந்திரி நெய்யில் மிதக்கும். இன்னொன்றில் கடலைப்பருப்புகூட எண்ணிப் போட்டது தெரியும். பெரியவர்கள் அதைக் கவனிக்காதது போல இருப்பார்கள், பிள்ளைகள் அப்படி இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸின் மூடியை முழுதாகத் திறக்காமல், பாதி மூடியபடியே கைவிட்டுச் சாப்பிடும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. அந்தப் பிள்ளைக்குக் கூட்டாஞ்சோறு பெரிய விடுதலை. பானையில் விழுந்த பிறகு எது யாருடைய அரிசி என்று யாராலும் சொல்ல முடியாது. படி அரிசி கொண்டுவந்தவனும் சுள்ளி பொறுக்கியவனும் ஒரே பதத்தைச் சாப்பிடுகிறார்கள். என் சாய்வுக்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது, சாதியைத் தொட்டது. சமைத்த சோறும் சமைக்காத அரிசியும் நம் ஊர்களில் ஒரே விதிக்கு உட்பட்டதில்லை. அரிசி, பருப்பு, காய் ஆகியவற்றை எல்லோர் கையிலிருந்தும் வாங்கிக்கொண்டவர்கள், அதே கை சமைத்ததைத் தொட மறுத்தார்கள். நெருப்பில் வெந்த சோறுதான் எல்லைக்கோடு. அதனால் கட்டுச்சோறு எவ்வளவு தாராளமாக இருந்தாலும் ஆற்றங்கரையில் வட்டம் வட்டமாகவே இருந்தது, ஒரு வட்டத்தின் புளியோதரை அடுத்த வட்டத்துக்குப் போவது ஊருக்கு ஊர் பல கணக்குகளுக்கு உட்பட்டிருந்தது. கூட்டாஞ்சோற்றில் பிள்ளைகள் செய்வதோ வேறு. எல்லைக்கோட்டைத் தாண்ட அனுமதி உள்ள அரிசியைக் கொண்டுவந்து, கோட்டுக்கு அப்பால் வைத்து, எல்லாருமாகச் சேர்ந்து சமைத்துவிடுகிறார்கள். கோடு அந்தப் பானையோடு வெந்துபோகிறது. எல்லா ஊரிலும் இப்படி நடந்தது என்று சொல்வது பொய்யாகும். பிள்ளைகளின் அடுப்பும் தெரு எல்லையோடு நின்ற ஊர்கள் ஏராளம், "அவங்களோட சேர்ந்து தின்னியா?" என்று வீட்டுக்கு வந்ததும் அடி வாங்கிய பிள்ளைகளும் ஏராளம். அந்த அடியே அங்கே ஏதோ மீறப்பட்டது என்பதற்குச் சாட்சி.

கூட்டாஞ்சோறு பேர்பெற்ற அதே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் சேரன்மாதேவி இருக்கிறது. 1920-களில் வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலத்தில், தேசியக் கல்வி என்ற உயர்ந்த நோக்கத்துக்கு நடுவே, பிராமண மாணவர்கள் தனியாக உண்ண இடம் கொடுக்கப்பட்டிருந்தது. செய்தி வெளியே வந்தபோது வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் அந்தப் பிரச்சினையில் பிளந்து நின்றது. 1925-இல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதன் பின்னணியில் இந்தக் கசப்பும் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது ஒரு மாகாணத்தின் அரசியலையே திருப்பியது. உணவைச் சேர்ந்து சமைப்பதையும் சேர்ந்து உண்பதையும் சின்ன விஷயம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் நினைவூட்டுவேன்.

பானை, பாத்திரம் இரண்டையும் வைத்து இன்னொரு வேறுபாட்டைப் பார்க்கலாம். கட்டுச்சோறு பாத்திரத்தில் போகும், பாத்திரம் திரும்பி வர வேண்டும். அதனால்தான் எவர்சில்வர் கடைகளில் பேர் வெட்டிக் கொடுக்கிறார்கள், தூக்குவாளியின் கழுத்தில் தாத்தாவின் இனிஷியலும் வருடமும் இன்றும் மங்காமல் இருக்கின்றன. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது பழக்கம், ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் போன தட்டில் ரம்ஜானுக்குப் பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் கல்கலாவும் வரும். யாரும் கணக்கு எழுதுவதில்லை, ஆனால் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை என்ன கொடுப்பது என்ற நினைப்பில் ஆண்டுக்கணக்கில் உறவு நீள்கிறது. கூட்டாஞ்சோற்றில் எல்லாம் அன்றே தீர்ந்துவிடும். யாருக்கும் யாரும் எதுவும் பாக்கி இல்லை. அன்று பக்கத்தில் உட்கார்ந்தவன் மறுவாரம் தெருவில் கண்டுகொள்ளாமல் போகலாம். நீடிக்கிற நட்புக்குக் கட்டுச்சோற்றின் வழிதான் சிறந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

இரண்டையும் கலந்த ஓர் ஏற்பாடும் நம்மிடம் உண்டு. அதே ஆடி மாதத்தில் வட மாவட்டங்களின் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். பல ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் கேழ்வரகுக் கூழைத் தனித்தனியாகக் காய்ச்சிக் குடத்தில் எடுத்துவந்து கோயில் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். சமைத்தது தனி வீட்டில், கலந்தது ஒரே கொப்பரையில். பிறகு அதிலிருந்துதான் எல்லோருக்கும் வார்க்கப்படுகிறது. ஒரு வீட்டுக் கூழ் கெட்டி, இன்னொன்று நீர்த்தது, ஒன்றில் உப்பு ஏறியிருக்கும். கொப்பரை அதையெல்லாம் சரிசெய்துவிடும். பள்ளிவாசல்களின் நோன்புக்கஞ்சி வேறு விதம். அதற்கான பச்சரிசியைத் தமிழக அரசு தருகிறது, மற்றதை ஊரில் வசதி உள்ளவர்கள் தருகிறார்கள், பெரிய தேக்சாவில் ஒரே சமையல். மாலையில் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களில் நோன்பு வைக்காத அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வடையோடு சாப்பிடுவார்கள்.

இன்றைய நகரத்தில் கட்டுச்சோற்றின் வழிதான் வென்றிருக்கிறது. அடுக்ககத்தில் நண்பர்கள் கூடினால் ஆளுக்கொரு டப்பா வருகிறது, அலுவலகத்தில் மதிய உணவை மூடியில் வைத்து நீட்டிக்கொள்கிறார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் மேஜையில் பத்து வகை வரிசையாக இருக்கும்போது, எது சீக்கிரம் காலியாகிறது என்று செய்தவர்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கவனித்திருக்கிறேன். மிஞ்சிப்போன பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு முகம் வாடுவதையும் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் நேரமில்லை என்று பலர் கடையில் வாங்கித் தங்கள் பாத்திரத்தில் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். அந்த அளவுக்குத் தனியாகச் சமைக்கும் சுமை கனத்துவிட்டது. பத்துப் பேர் வெறுங்கையோடு வந்து, ஆளுக்கொரு காயை வெட்டி, ஒரு குக்கரில் ஏற்றினால் அந்தச் சுமையே இருக்காது. இடம் போதாது என்பார்கள். பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கும் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க இடம் இருக்கும்.

கூட்டாஞ்சோறு இன்று தன் முழுப் பொருளில் நடப்பது, யாரும் அதை அந்தப் பெயரால் அழைக்காத இடத்தில். துபாயிலும் தோஹாவிலும் ரியாத்திலும் ஒரே அறையைப் பகிர்ந்து வாழும் நம் ஊர் ஆண்கள் மளிகைக்குப் பணம் போட்டு, முறை வைத்துச் சமைக்கிறார்கள். ராமநாதபுரத்துக்காரருக்குக் காரம் போதாது, கன்னியாகுமரிக்காரருக்குத் தேங்காய் போதாது, தஞ்சாவூர்க்காரருக்கு வத்தக்குழம்பு இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை விடியாது. ஊரில் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்திராதவர்கள் அங்கே மீன் கழுவக் கற்றுக்கொள்கிறார்கள். சமையல் முறை வருகிறவரின் வேலைநேரம் மாறினால் அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார். ஒருவருக்குச் சம்பளம் தள்ளிப்போன மாதத்தில் அவர் பங்குப் பணத்தை மற்றவர்கள் போட்டுவிடுகிறார்கள், அவர் பாத்திரம் கழுவுகிறார், காய் வெட்டுகிறார், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.